குளிர்காலத்து அடுப்படியும் ஒடியற்கூழும்

டிசம்பர் மாதம் 21ஆம் நாளை ஒட்டிய வாரத்தில் இலண்டன் மாநகரிற் சூரியன் காலை எட்டு மணி கடந்த பின்னரே உதிக்கின்றது. மாலை நான்கு மணி ஆவதற்கு முன்னரே மறைந்துவிடுகின்றது. எட்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவான பகல். அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பகற்பொழுது பதினொரு மணி நேரத்திற்கு மேல் நீளும். நம் பிள்ளைகள் பாடசாலை விட்டு வீடு சேரும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. வேலைக்குச் செல்லும் பெற்றோரிற் பலர் வாரநாள்களில் வெயிலையே காண்பதில்லை. இந்த நான்கு மாத இருளில் ஒரு தமிழ்க் குடும்பம் எங்கே ஒன்றுகூடுகின்றது என்று வினவினால், பெரும்பாலான வீடுகளுக்கு விடை ஒன்றுதான்: அடுப்படி. வீட்டிலேயே சூடான இடம் அதுதான். இந்நாட்டில் மின்சாரம், எரிவாயு ஆகியவற்றின் விலை 2022ஆம் ஆண்டிற் பெரிதும் உயர்ந்த பின்னர் இது இன்னும் உண்மையாயிற்று. ஏனைய அறைகளின் சூடேற்றிகளை அணைத்துவிட்டு, சமைக்கும் இடத்திலேயே எல்லோரும் அமர்ந்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

தமிழருக்குக் குளிர் புதியதன்று. ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினர்: ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், மழையிலும் வாடையிலும் நடுங்கும் கோவலர் தீயிற் கை காய்ச்சிக் கொள்கின்றனர். நகரமாந்தர் குறுகிய வாயையுடைய குடத்துத் தண்ணீரைத் தீண்டாது, அகன்ற வாயையுடைய தடவில் மூட்டிய நெருப்பை நாடுகின்றனர். தடவு என்பது கணப்புச் சட்டி. இங்கு நம் வீடுகளிற் கணப்புச் சட்டி இல்லை. அதன் இடத்தில் எரிவாயு அடுப்பும் அதன்மேல் ஒரு பெரிய பானையும் இருக்கின்றன.

அப்பானையில் என்ன சமைப்பது? சமையற் குறிப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. ஆயினும் குளிர்காலத்திற்கென்றே அமைந்தது போன்ற உணவு ஒன்று நம்மிடம் உண்டு. அதை ஆக்குவதற்குக் கைகள் பல வேண்டும். ஆக்கத் தெரிந்தோரின் தொகையோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழையே சொல்கின்றோம். ஆடிப் பிறப்பன்று காய்ச்சும் இனிப்பான ஆடிக்கூழ் வேறு. இது மீனும் நண்டும் மரக்கறியும் சேர்ந்த உறைப்பான கூழ்.

ஒடியல் என்பது என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்காகச் சற்று விரித்துரைப்போம். பனம்பழத்தை உண்டு எஞ்சிய கொட்டைகளை மணற்பாங்கான நிலத்திற் பாத்தி கட்டிப் புதைப்பர். சில மாதங்களில் முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகத் திரளும். தை மாதம் அளவிற் கிண்டி எடுக்கப்படும் இதுவே பனங்கிழங்கு. அதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காது பச்சையாகவே இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். ஒடியலை இடித்தோ அரைத்தோ எடுப்பது ஒடியல்மா. ஈர மணலிற் பிறந்து கடும் வெயிலிற் காய்ந்த இம்மா, மாதக் கணக்கில் வைத்தாலும் கெடாது. போர்க்காலத்திற் பொருளாதாரத் தடையால் அரிசியும் மாவும் அரிதாகிய நாள்களிற் பனைதான் பல வீடுகளுக்கு உணவளித்தது. அதே போரிற் பதுங்குகுழிகளும் காவலரண்களும் அமைப்பதற்காகப் பெருந்தொகையான பனைகள் வெட்டி வீழ்த்தப்பட்டன என்பதையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. இன்று டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் உள்ள தமிழ்க் கடைகளிற் சிறு பொதிகளில் ஒடியல்மா கிடைக்கின்றது.

ஒடியல்மாவை வாங்கியதும் பானையில் இடுதல் ஆகாது. பச்சை மாவிற் கைப்பும், உடலுக்கு ஒவ்வாத சில பொருள்களும் உள. எனவே மாவை நிறையத் தண்ணீரிற் கரைத்து இரண்டு மணி நேரமாவது ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை மெல்ல இறுத்து ஊற்றிவிட வேண்டும். மீண்டும் புதுநீர் விட்டு மீண்டும் இறுக்க வேண்டும். பின்னர் கூழில் இட்டதும் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அவசரத்தில் இவற்றைக் குறைத்துக் கொள்ளுதல் கூடாது. நம் மூதாட்டியர் இதற்குக் காரணம் கூறியதில்லை. "கைக்கும் பிள்ளை, வடிவா ஊறட்டும்" என்ற அளவில் நிறுத்திக் கொண்டனர். அந்த ஒரு வரியில் முறை முழுவதும் அடங்கியிருந்தது.

ஆறு பேர் கொண்ட குடும்பத்திற்கு ஏறத்தாழ 250 கிராம் ஒடியல்மா போதும். இரண்டரை லீற்றர் நீரை ஒரு பெரிய பானையிற் கொதிக்க வைத்து, ஒரு கைப்பிடி அரிசி, தோல் நீக்கிய பலாக்கொட்டை, சிறு துண்டுகளாக நறுக்கிய மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை முதலில் இட வேண்டும். இவை வேக நேரம் எடுப்பன. அவை பாதி வெந்ததும் பயிற்றங்காயும் நண்டும் மீன் தலையும், அதன் பின்னர் மீன் துண்டுகளும் இறாலும் கணவாயும். முருங்கையிலையோ வேறு கீரையோ கடைசியில் வரும். செத்தல் மிளகாய் பதினைந்தை மஞ்சளுடன் அரைத்து, தேசிக்காய் அளவு பழப்புளியின் கரைசலுடன் சேர்த்து ஊற்றுவர். ஊறிய ஒடியல்மாவை அந்தக் கரைசலோடு கட்டியின்றிக் கரைத்து விடுவோரும் உளர். மா விழுந்த கணம் முதல் அகப்பை ஓயக்கூடாது. பானையின் அடியைத் தொட்டுத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். நீர்த்திருந்தது சில நிமிடங்களில் இறுகிப் பளபளப்பேறும். நெருப்பிலிருந்து இறக்கி, தேங்காய்ச் சொட்டுகள் சிலவற்றைப் போட்டுச் சுடச்சுடப் பரிமாறுவர். ஊரிற் பனையோலையில் மடித்த பிளாவிற் குடித்தனர். பலாவிலையைக் கோலி அள்ளினர். இங்கே தேநீர்க் கோப்பை போதும். தட்டையான கோப்பையிற் பரிமாறுவதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம், விரைவில் ஆறிவிடும்.

கூழ் ஏன் நெடுநேரம் சூடாக இருக்கின்றது என்பது பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்திற்கும் உரியது. சாதாரண நீரிற் சூடான பகுதி மேலெழ, ஆறிய பகுதி கீழிறங்க, ஓயாத ஓட்டம் ஒன்று நிகழ்ந்து சூட்டை மேற்பரப்பிற்குக் கொண்டு சென்று வெளியேற்றுகின்றது. மாச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிக் குழம்பாகிவிட்டால் அவ்வோட்டம் தடைப்படும். ஆகவே ஒரே பாத்திரத்தில் இரசம் ஆறிய பின்னரும் கூழ் நாவைச் சுடுகின்றது. மிளகாயின் சங்கதி வேறு. அதிலுள்ள கப்சேசின் என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்பு வாயிலையே சென்று தட்டுகின்றது. இதனை 1997இற் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். மூளை சூடு என்று நம்புகின்றது, உடல் வியர்க்கின்றது. வியர்த்த உடலோடு உடனே வெளியே போகாதே என்று அம்மம்மா தடுப்பது சரியான அறிவுரையே. தோலுக்குப் பாயும் குருதி அதிகமாகும்போது உடல் சூட்டை இழக்கின்றது. மிளகாயே நமக்குப் பிற்காலத்து வரவுதான். போர்த்துக்கேயர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரும் முன்னர் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பினர். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் அது மிளகாய் ஆயிற்று. மரவள்ளியும் அவ்வாறே கடல் கடந்து வந்தது. யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்து என்று நாம் பெருமை பேசும் கூழின் சில பொருள்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் வாய்விட்டுச் சிரிப்பர், சிரிக்கட்டும்.

இந்நகரின் மீன் குறித்தும் சில சொற்கள். பில்லிங்ஸ்கேட் மீன்சந்தை 1982இல் தேம்ஸ் நதிக்கரைப் பழைய கட்டடத்திலிருந்து கிழக்கிலுள்ள கனரி வோர்ஃப் பகுதிக்கு இடம் மாறியது. விடியும் முன்னரே திறந்து காலை எட்டரை மணியளவில் ஓய்ந்துவிடும் அச்சந்தையிற் சனிக்கிழமைகளில் நம்மவரைக் காணலாம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை நாளும் ஆகையால், மீனோடு நேரே வகுப்பு வாசலுக்கு வரும் தந்தையரும் உளர். வாகனத்தின் மணமே அதனைச் சொல்லிவிடும். இந்நாட்டு நண்டு ஓடு தடித்தது. அதனை உடைக்கச் சிறு சுத்தியல் வேண்டும். கானாங்கெளுத்தி மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கின்றது. எண்ணெய்ப்பிடிப்பும் மணமும் மிகுந்த அம்மீன் கூழுக்கு ஒவ்வாது என்பது நம் கருத்து. புளிக்குழம்புக்கு அது மிக நன்று. அம்மீனில் விற்றமின் டீ உண்டு. குளிர்காலத்து இந்நாட்டு வெயிலில் நம் தோல் அச்சத்தை ஆக்க இயலாது. ஆகவே இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அனைவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுத்துக்கொள்வதைக் கருதவேண்டும் என 2016 முதல் அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தி வருகின்றது. கரிய நிறத் தோலுடையோர்க்கு இவ்வறிவுரை ஆண்டு முழுவதற்கும் உரியது. மீன்குழம்பு நல்லதே; மாத்திரைக்கு அது ஈடாகாது.

கூழைத் தனி ஒருவருக்காகக் காய்ச்சுதல் இயலாது என்பதே அதன் சிறப்பு. பயிற்றங்காயை முறிக்க ஐந்து வயதுப் பிள்ளை போதும். முருங்கையிலையை உருவுவதற்கு எட்டு வயது. மாவை ஊறவைத்து நீர் இறுப்பது பத்து வயதினர்க்கு உரிய வேலை. நண்டைத் துப்புரவாக்குவதும் துழாவுவதும் பெரியவர் பணி. இவ்வாறு மேசையைச் சுற்றி மூன்று தலைமுறையினர் இருக்கும்போது நிகழும் உரையாடலைக் கவனித்துப் பாருங்கள். பயிற்றங்காய்க்குக் காம்பும் நரம்பும் உண்டு, பலாக்கொட்டைக்கு வெளியே தடித்த தோல், உள்ளே மெல்லிய செந்நிறத் தோல், புளியம்பழத்துக்குக் கோது, நண்டுக்கு ஓடு, மீனுக்குச் செதிள், தேங்காய்க்கு மட்டையும் தும்பும் சிரட்டையும், நெல்லுக்கு உமியும் தவிடும். இப்போர்வைகளுக்குத் தமிழ் இத்தனை பெயர்களை வைத்திருக்கின்றது. பாடநூலின் பட்டியலில் இவற்றைப் படித்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். கையிற் கோது ஒட்டியிருக்கும்போது கேட்ட சொல் அவ்வாறு போவதில்லை.

வினைச்சொற்களோ இன்னும் வளமானவை. அவித்தல், புழுக்குதல், காய்ச்சுதல், வடித்தல், இறுத்தல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல், வாட்டுதல், சுடுதல், கடைதல், மசித்தல், பிசைதல், குழைத்தல், துழாவுதல், அரித்தல், கொழித்தல், புடைத்தல். வதக்குதல், வறுத்தல், பொரித்தல் ஆகிய மூன்றும் வேறுவேறு. நம் பிள்ளைகள் அம்மூன்றையும் 'ஃபிறை பண்ணுதல்' என்று முடித்துவிடுகின்றனர். வெங்காயம் நிறம் மாறாது துவளும்வரை எண்ணெயிற் புரட்டுவது ஒன்று, எண்ணெயின்றி மல்லியை மணம் எழும்வரை சூடாக்குவது மற்றொன்று, நிறைந்த எண்ணெயில் மிதக்கவிடுவது வேறொன்று. கண்ணால் கண்டவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நமக்குக் கவலை. தமிழ்ப் பாடசாலை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று மணி நேரமே நடைபெறுகின்றது. விடுமுறைகள் போக ஆண்டில் நூறு மணி நேரத்தை எட்டுவதே அரிது. நவம்பர் முதல் பெப்ரவரி முடிய 120 நாள்கள் உள்ளன. நாளுக்கு ஒரு மணி நேரம் அடுப்படியிற் பிள்ளை நின்றாலே, ஒரு குளிர்காலத்தில், ஆசிரியர்கள் ஓராண்டு முழுவதும் பெறும் நேரத்தை வீடு பெற்றுவிடுகின்றது. ஆனால் எத்தனை வீடுகளில் அந்நேரம் அவ்வாறு கழிகின்றது? வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோர், பிள்ளைகளை இடையூறாகக் கருதி வேறு அறைக்கு அனுப்பிவிட்டு விரைவாகச் சமைத்து முடிக்கின்றனர். அவரவர் தட்டு அவரவர் அறைக்குச் செல்கின்றது. பெற்றோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இரண்டு வேலை பார்க்கும் தந்தையும், இரவுப்பணிக்குப் புறப்படும் தாயும் படும் பாட்டை நாம் அறிவோம். ஆயினும் அம்மம்மாவும் அப்பம்மாவும் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். 1983க்குப் பின் அகதிகளாக வந்தோர் தம் பெற்றோரைப் பின்னர் அழைத்துக்கொண்டனர். அவர்களிற் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் முதுமை எய்திவிட்டனர். அவர்களின் சமையலறிவு எந்த நூலிலும் இல்லை. அது முழுவதும் தமிழிலேயே அவர்களிடம் இருக்கின்றது. பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் வினவினால் அவர்களாற் புன்னகைக்க மட்டுமே முடிகின்றது. மொழியும் பானையும் ஒரே கையில் இருக்கின்றன. ஒன்றைப் பெறாதவர்க்கு மற்றையது கிடைப்பதில்லை.

தினமும் கூழ் காய்ச்ச முடியாது. நாள்தோறும் நிகழும் சமையலுக்குப் புட்டும் இடியப்பமும் உள. இவற்றுக்கான மாவைப் பதப்படுத்துவதும் குளிர்காலத்து மாலைக்கு உகந்த வேலை. ஊரில் அரிசிமாவை வறுத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இற் பர்மா ஜப்பானியர் வசமானதும், இலங்கைக்கு வந்த பர்மிய அரிசி நின்றுபோயிற்று. கோதுமைமா நம் அடுப்படிகளிற் பெருமளவில் நுழைந்தது. பச்சைக் கோதுமைமாவில் நீர் பட்டால் அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து பசையாக இழுபடும். பாண் செய்ய அதுவே வேண்டும், புட்டுக்கு அது ஆகாது. நம் தாய்மார் கண்ட தீர்வு, மாவைத் துணியிற் பொதிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீராவியில் அவிப்பது. சூட்டில் அப்புரதங்கள் இறுகிவிடுவதால் பின்னர் பசையாவதில்லை. அவிந்த மாவைச் சூடு ஆறுமுன்னரே உதிர்த்து அரித்துவிட வேண்டும், தாமதித்தாற் கல்லாகிவிடும். அரிப்பது பிள்ளைகளுக்கு மிக விருப்பமான வேலை. அரிதட்டைச் சுற்றி மேசை முழுவதும் வெள்ளையாகும், அதனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இவ்வாறு அவித்து அரித்த மா ஒரு வாரத்திற்கு வரும். வறுத்த சிவப்பரிசி மாவுடன் கலந்து, கொதித்து இறக்கிய நீரைச் சிறிது சிறிதாக விட்டு, அகப்பைக் காம்பாற் கிளறிக் குழைத்து, தேங்காய்ப்பூவுடன் நீற்றுப்பெட்டியில் இட்டு அவித்தாற் புட்டு. பனையோலையில் இழைத்த நீற்றுப்பெட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், உலோகக் குழலில் அவித்த புட்டினும் இது உதிரியாக வரும். ஊருக்குச் சென்று திரும்புவோரிடம் வேறு எதையும் கேளாது நீற்றுப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சளியும் இருமலும் பிடித்த நாள்களுக்கு மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, நற்சீரகம், உள்ளி இட்ட இரசம் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: உங்கள் பாடசாலை நண்பர் வீட்டிலோ உணவகத்திலோ 'மலிகட்டோனி' என்னும் சூப்பைக் காண நேரலாம். அச்சொல் நம் மிளகுத்தண்ணீரே. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் அதனை இறைச்சியும் மாவும் சேர்த்துத் தம் உணவாக்கிக்கொண்டனர். எலைசா ஆக்டன் என்னும் அம்மையார் 1845இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலிலேயே அதன் செய்முறை இடம்பெற்றுவிட்டது. நாம் இந்நாட்டிற்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் மிளகுத்தண்ணீர் இங்கு வந்து குடியேறிவிட்டது. இப்போது அதனை நம்மவரே அடையாளம் காண்பதில்லை.

குளிர்காலத்து இலண்டனில் தாமே அடுப்பு மூட்டியோரில் மற்றொருவர் மோகன்தாஸ் காந்தி. 1888இற் சட்டம் பயில வந்த அவர் மரக்கறி உணவு தேடி அலைந்து, ஃபாரிங்டன் வீதியில் ஓர் உணவகத்தைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் செலவைக் குறைக்க ஒற்றை அறைக்கு மாறி, ஓர் அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே காய்ச்சியதைத் தம் 'சத்திய சோதனை'யில் எழுதியுள்ளார். நம்மவருள் முதலில் வந்த மாணவர்களும் இத்தகைய ஒற்றை அறைகளிலேயே தொடங்கினர். தேங்காய்ப்பூவுக்குப் பதில் உலர்ந்த தேங்காய்த் துருவல், தேங்காய்ப்பாலுக்குப் பதில் கட்டியாக விற்கும் தேங்காய்க் கூழ். மரவள்ளியையும் வாழைக்காயையும் பிரிக்ஸ்டன் சந்தையிற் கரிபியன் மக்களின் கடைகளில் தேடி வாங்கியதை அவர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வர்.

குளிர்காலத்தின் விழாக்களும் அடுப்பைச் சுற்றியே அமைகின்றன. பிள்ளையார் கதை படிக்கும் 21 நாள்களில் மோதகமும் கொழுக்கட்டையும். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழுந்து அவிக்கும் கடலை. நத்தார் வரும்போது கிறிஸ்தவ வீடுகளிற் பயற்றம் பணியாரமும் அரியதரமும். தை பிறந்தாற் பொங்கல். தமிழகத்திலிருந்து வந்த நம் பெற்றோர் சிலர் மார்கழியில் ஆக்கும் வெண்பொங்கலை, மிளகும் நெய்யும் மிதக்க, நம் பாடசாலைப் பெற்றோருக்கும் பழக்கியுள்ளனர்; அது குளிருக்கு இவ்வளவு பொருந்தும் என்று நாம் எண்ணியிருக்கவில்லை. ஜனவரி 14 அல்லது 15இல் இந்நாட்டுத் தோட்டங்களிற் பொங்குவதென்றால் மழையோடும் காற்றோடும் போராட வேண்டும். பெரும்பாலோர் பானையை உள்ளேயே வைத்துக்கொள்கின்றனர்.

உள்ளே சமைப்பதால் சில எச்சரிக்கைகள். இந்நகரின் வீட்டுத் தீவிபத்துகளுக்கு முதற்காரணம் சமையலே என்று இலண்டன் தீயணைப்புப் படை தொடர்ந்து கூறிவருகின்றது. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் அடுப்பை விட்டு அகலக்கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. இயன்றால் அடுப்பை அணைத்து, கதவை மூடி, வெளியேறி, தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். மிளகாய் வறுக்கும்போது அலறுகின்றது என்று புகையுணரியின் மின்கலத்தைக் கழற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனை உடனே விட்டொழிக்க வேண்டும். அடுப்படிக்குப் புகைக்குப் பதிலாகச் சூட்டை உணரும் கருவியைப் பொருத்தினால் தொல்லை தீரும். மணிக்கணக்கில் அவிக்கும்போது சுவர்களிற் படியும் நீராவி பூஞ்சணத்தை வளர்க்கும். பானையை மூடி, சாளரத்தைச் சிறிது திறந்து வைப்பது குளிராயினும் நன்று. சமையல் முடிந்ததும் அறைச் சூட்டைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பம் 18 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல்.

இவ்வாண்டுக் குளிர்காலத்திற்கு நம் மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். ஒரு கொப்பியும் ஒரு சிறு தராசும் எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள மூத்தவரின் அருகில் நில்லுங்கள். அவரிடம் அளவு கேட்டால் "கண் அளவுதான்" என்பார். ஆகவே கேட்க வேண்டாம். அவர் கை மாவிற்குட் போகும் முன் பாத்திரத்தை நிறுங்கள், போன பின்னும் நிறுங்கள், வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஒரு சிறங்கை', 'ஒரு நுள்ளு', 'தேசிக்காயளவு' என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி, பக்கத்திற் கிராமை எழுதுங்கள். கூழ் இறக்கும் பதத்தை அவர் எதனைக் கண்டு அறிகின்றார் என்று கேளுங்கள்: அகப்பையின் கனத்தாலா, குமிழி வெடிக்கும் ஓசையாலா, மணத்தாலா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவர். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். கூழா கூளா, இறுத்தலா இருத்தலா என்ற ஐயம் வரும். அவரையே உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். கொப்பியை அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவந்தால், எழுத்துப் பிழைகளை ஆசிரியர் திருத்தித் தருவார். உப்பின் அளவை மட்டும் அம்மம்மாதான் திருத்த வேண்டும்.